விரைவுச்சாலை நெரிசல்: கணினி மாதிரி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

விபத்தும் இல்லை, சாலை வேலையும் இல்லை. ஆனாலும் வண்டிகள் ஊர்கின்றன, கொஞ்ச தூரத்தில் தானாகவே விட்டுவிடுகிறது. ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. ஜப்பானில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2008இல் வெளியானது. 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்கள், எல்லோரும் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடிக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அழுத்த, கடைசியில் சில கார்கள் நின்றே போயின. கார்கள் முன்னே போக, நெரிசல் மட்டும் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலையில் நீங்கள் மாட்டிக்கொள்ளும்போது அதை ஆரம்பித்துவைத்த புண்ணியவான் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

இதைக் கணினியில் கொண்டுவரப் பெரிய கணக்கு வேண்டுமா?

வேண்டாம். 1992இல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாக வெட்டினார்கள், கட்டத்துக்கு ஒரு வண்டி. விதி நாலே நாலு: வேகத்தைக் கூட்டு; முன்வண்டியில் இடிக்காதபடி குறை; அவ்வப்போது காரணமே இல்லாமல் கொஞ்சம் குறை; நகரு. மூன்றாவதை எடுத்துவிட்டால், சீராக ஓடும் வண்டிகளுக்கு நடுவே நெரிசல் தானாகப் பிறக்காது. நம் கவனப்பிசகு மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சாலை காலியாக இருக்கும்போதே பலகையில் வேக வரம்பைக் குறைக்கிறார்களே, எரிச்சலாக இருக்கிறது.

காலி உங்களுக்குத்தான், சில கி.மீ. தள்ளி அப்படி இருக்காது. ஒரு லேனில் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகள் தாண்டினால் ஓட்டம் உடைந்துவிடும், உடைந்த பிறகு முன்பு போன அளவுகூடப் போகாது. அதனால் வந்து சேரும் வேகத்தை முன்கூட்டியே மட்டுப்படுத்துகிறார்கள். லண்டனைச் சுற்றியுள்ள எம்25 விரைவுச்சாலையில் 1995லிருந்தே இது உண்டு.

விரைவுச்சாலைக்குள் வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட நுழைவுப் பாதையில் சிக்னல் வைப்பது வீண் தாமதம் இல்லையா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இதே புகார் எழுந்து, சிக்னல்களை, 2000இல் ஆறு வாரம் அணைத்தே பார்த்தார்கள். விபத்து 26 சதவீதம் கூடியது. திரும்பப் போட்டபோது காத்திருப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஆக, புகாரிலும் நியாயம் இருந்தது.

பேசாமல் இன்னொரு லேன் போட்டால்?

வண்டி எண்ணிக்கை மாறாது என்று வைத்துக் கணக்குப் போட்டால் லேன்தான் ஜெயிக்கும். நிஜத்தில் இடம் கிடைத்ததும் புது வண்டிகள் வந்துவிடும்.

அப்படியானால் மாதிரியை எவ்வளவு நம்பலாம்?

எதை வைத்துப் பழக்கினீர்கள் என்று முதலில் கேளுங்கள். நான் ஆரம்பத்தில் செய்த ஒன்றுக்கு வெயில் நாள் சென்சார் தரவு மட்டும்தான் கொடுத்திருந்தேன். முதல் மழைக்கே திணறிவிட்டது, ஏனென்றால் மழையில் எல்லோரும் இடைவெளியைக் கூட்டுவார்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்களே முயன்று பார்க்க ‘சுமோ’ என்ற போக்குவரத்து மாதிரி மென்பொருள் இலவசம். வட்டப் பாதை போட்டு 22 கார்களை விடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.