வயல் இருக்கட்டும், அக்கா

போன கிழமை களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தாய், மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு மகளோடு வந்தார். மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குக் கொஞ்சம் காணாது. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. லண்டன் சித்தப்பாவோ, "வெறும் பீ.எஸ்ஸியா? கொழும்பில காசு கட்டி சொப்ட்வெயார் படிக்க விடுங்கோ" என்கிறாராம். காசுக்கு வயலை விற்க வேண்டும்.

"பயப்படாதீங்க அக்கா" என்றுதான் தொடங்கினேன். பெரும்போக நெல்லில்தான் வீடே ஓடுகிறது, கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். விற்கவே கூடாது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. காசு கட்டச் சொல்பவர் கட்டப்போவதும் இல்லை.

பிள்ளை அதுவரை வாய் திறக்கவில்லை. என்ன பிடிக்கும் என்று கேட்டதும் போனில் ஒரு படம் காட்டினாள். சிரட்டைக் கரியைக் களிமண்ணால் மூடி அடுப்பில் போட்டிருக்கிறாள். மண் வெடித்த இடத்தில் மட்டும் கரி குழிவிழுந்து சாம்பலாகியிருந்தது. தாய்க்கு அது குழப்படி. ஆனால் அது ஒரு துறை, அக்கா: சூட்டில் கரி, அதாவது காபன், எரியாமல் பூச்சுப் போட்டுக் காப்பது.

காற்றில்லாத இடத்தில் காபன் 2000 பாகை செல்சியஸுக்கு மேலும் தாங்கும். காற்றுப் பட்டால் 500 பாகையளவிலேயே எரியத் தொடங்கிவிடும். அதனால்தான் அமெரிக்க விண்ணோடத்தின் மூக்கிலும் சிறகு விளிம்பிலும் இருந்த காபனுக்குச் சிலிக்கன் காபைட்டுப் பூச்சு. சூட்டில் அதன்மேல் மெல்லிய சிலிக்காப் படலம் உண்டாகி ஒட்சிசனை மறிக்கும். ஆனால் ஆறும்போது பூச்சு உள்ளே இருக்கும் காபனைவிடக் கூடச் சுருங்கும், மயிரிழை வெடிப்பு விழும். அதை அடைக்கக் கண்ணாடி போன்ற இன்னொரு பூச்சு. விமானங்களின் காபன் பிரேக் தட்டுகளுக்குப் பொஸ்பேற்றுப் பூச்சு. குளிர்நாட்டு ஓடுபாதையில் பனி உருகத் தெளிக்கும் பொற்றாசியம் உப்பு அந்தத் தட்டில் ஊறினால் காபன் இன்னும் கெதியாக எரியும். பௌதிகமும் இரசாயனமும் சேர்ந்த வேலை இது.

மட்டக்களப்பில் இதற்கு வேலை இல்லை என்பதையும் சொன்னேன். நாலு வருடச் சிறப்புப் பட்டம் எடுக்க வேண்டும், இரசாயனத்தை இடையில் விடக்கூடாது, ஆங்கிலத்தை இப்போதே பிடிக்க வேண்டும். அப்புறம் உதவித்தொகையோடு வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு. அதற்கும் போட்டிதான், ஆனால் காணி விற்கத் தேவையில்லை.

சித்தப்பாவின் நம்பரை நானே வாங்கிக்கொண்டேன். எழும்பும்போது பிள்ளை கேட்டாள்: "களிமண்ணோட மணல் கலந்தா வெடிப்புக் குறையுமா சேர்?"

குறையும். முற்றத்தில் வைத்துச் செய்து பார்க்கச் சொன்னேன்.