வராத அப்பாவுக்குத் திவசம் செய்வதா?

அன்புள்ள அக்கா,

1990 இல் மட்டக்களப்புப் பக்கம் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அப்போது எனக்கு ஏழு வயது, அப்பாவுக்கு 34. இப்போது நான் அவரைவிட மூத்தவள். அம்மா இன்னும் பொட்டு வைக்கிறார், திவசம் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை. என் கணவர் வேலை முடிந்து வரப் பத்து நிமிடம் பிந்தினால் எனக்குக் கை நடுங்குகிறது. அம்மாவை உண்மையை ஏற்க வைத்தால் இருவருக்கும் நிம்மதி கிடைக்காதா?

ச.

அன்புள்ள ச.,

எந்த உண்மையை? 35 வருடம் ஆகிவிட்டது, இனி எங்கே வரப்போகிறார் என்பது நாம் போடும் கணக்கு. உடலைப் பார்த்தவர் இல்லை, எங்கே புதைத்தார்கள் என்று சொன்னவரும் இல்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன சிப்பாய்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி, இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தார். கோளாறு அந்த மனிதர்களின் மனதில் இல்லை, அவர்கள் மாட்டிக்கொண்ட நிலைமையில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். 'வரமாட்டார், ஒருவேளை வந்தாலும் வரலாம்' என்று இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழத்தான் பழக வேண்டும் என்கிறார். உங்கள் அம்மா அதைத்தானே செய்கிறார்? பொட்டும் வைத்தார், உங்களை வளர்த்துக் கட்டியும் கொடுத்தார்.

மட்டக்களப்பில் காளி கோயில்களுக்கு, சாமியாடுபவரிடம் குறி கேட்கப் போகும் பெண்களைப் பார்த்து ஒரு காலத்தில் நானும் சிரித்திருக்கிறேன். கொண்டுபோகப்பட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழ அன்றைக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்று யோசித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

காணிப் பத்திரம், வங்கிக் கணக்கு ஏதும் சிக்கி நிற்கிறதா? காணாமல்போனவர்களுக்காக இலங்கையில் வந்த 2010 சட்டத்தில் மரணச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டால் நாமே கொன்ற மாதிரி ஆகுமே என்று பலர் வாங்கவில்லை. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் சேர்த்தார்கள். உங்கள் அலுவலுக்கு அது போதுமா என்று விசாரியுங்கள், அதற்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1972 டிசம்பரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஜீன் மக்கான்வில் என்ற பெண்ணை, பத்துப் பிள்ளைகளின் தாய், கணவரை இழந்தவர், பிள்ளைகள் கண்முன்னாலேயே ஐஆர்ஏ என்ற ஆயுத இயக்கத்தின் ஆட்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கொஞ்ச நாள் தனியாகக் கிடந்து, பிறகு ஆளுக்கொரு விடுதியாகப் பிரிந்தார்கள். 2003 இல் அயர்லாந்தின் லௌத் மாவட்டக் கடற்கரையில் உடல் கிடைத்தது, அடக்கமும் செய்தார்கள். ஆனால் 2014 இல், நடந்து 40 வருடம் தாண்டிய பிறகு, மகன்களில் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? கொண்டுபோனவர்களில் சிலரை எனக்குத் தெரியும், பெயரைச் சொல்லத்தான் இன்னும் பயம் என்றார். ஆக, உடல் கிடைத்து, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாலும் இந்தப் பயம் தனியாக நிற்கிறது. அம்மா நாளைக்கே திவசத்துக்குச் சம்மதித்தாலும் உங்கள் கை நடுங்கத்தான் செய்யும்.

ஏழு வயதில் நீங்கள் படித்த பாடம் அப்படி. 'இப்போ வந்துவிடுவார்' என்றவர் வரவில்லை, அதனால் பிந்துவதே உங்களுக்குக் கெட்ட செய்தி. கணவரிடம் இதை முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? பிந்தினால் ஒரு ஃபோன் போடச் சொல்லுங்கள். கூடவே உளநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், கேட்டால் அம்மா அழுவார் என்று. உங்கள் கடிதத்திலும் அப்பாவைக் கொண்டுபோனது மட்டும்தான் இருக்கிறது. என்ன வேலை செய்தார், எதற்குக் கோபப்படுவார், எந்தக் கறிக்கு இரண்டாம் தரம் சோறு கேட்பார், ஒன்றும் இல்லை. திவசத்தை விடுங்கள், அம்மாவிடம் இதைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.