கார் கம்பெனியிடமிருந்து பிரிந்துவிட்டால் உதிரிபாக நிறுவனம் சுதந்திரமாகிவிடுமா?

பங்குகளைப் பிரிப்பது மட்டும் போதாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் உதிரிபாகப் பிரிவை 1999-ல் டெல்ஃபை என்ற தனி நிறுவனமாக்கியது. ஆனால் அதன் விற்பனையில் பெரும்பகுதி பழைய முதலாளியையே நம்பியிருந்தது. தொழிற்சங்க ஊதிய ஒப்பந்தங்களும் கூடவே வந்தன. 2005 அக்டோபரில் டெல்ஃபை திவால் பாதுகாப்பு கோரியது.

சுதந்திரத்தை அளக்க, உதிரிபாகத்தின் வடிவமைப்பு வரைபடம் யாருடையது என்று முதலில் பாருங்கள். வாங்குபவர் வரைந்து கொடுக்க, நீங்கள் செய்து மட்டும் தருகிறீர்கள் என்றால், உதிரிபாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகளான டையும் மோல்டும் பெரும்பாலும் அவர் சொத்து. ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்வார். மறுத்தால் டையை லாரியில் ஏற்றி அடுத்த சப்ளையரிடம் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே மாதிரிகள், அளவு அறிக்கை, மூலப்பொருள் சோதனை எல்லாம் சேர்ந்த பிபிஏபி (PPAP, உற்பத்தி தொடங்கும் முன் வாங்குபவர் தரும் உதிரிபாக ஒப்புதல்) கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் பேரம் பேசும் பலம் அந்த இடைவெளி மட்டும்தான்.

வடிவமைப்பே உங்களுடையது என்றால் கதை வேறு. ஜெர்மன் உதிரிபாக நிறுவனமான பாஷ் 1978-ல் ஏபிஎஸ்ஸையும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) 1995-ல் ஈஎஸ்பியையும் (கார் சறுக்காமல் நிலைப்படுத்துவது) முதலில் மெர்சிடிஸ் கார்களில் கொண்டுவந்து, பிறகு போட்டிக் கம்பெனிகளுக்கும் விற்றது. எந்த ஒரு வாடிக்கையாளரும் அதை மிரட்ட முடியாததற்கு இதுவே காரணம் என்பேன்.

பலர் கவனிக்காத பொறி ஒன்று: எஃகை எந்த ஆலையில் வாங்குவது என்பதையும் வாங்குபவரே தீர்மானிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. எஃகு விலை ஏறினால் உதிரிபாக விலையை எத்தனை நாளில் திருத்துவது என்ற ஷரத்து இல்லாவிட்டால், அதுவரையிலான நஷ்டம் உங்கள் தலையில்தான்.