முடியாத ப்ராஜெக்டுகளும் பாதியில் நிற்கும் புத்தகமும்

கேள்வி: மதுரையில் இருந்தபடி ஃப்ரீலான்ஸாக இணையதள வடிவமைப்பு செய்கிறேன். வைகைப் பாசனக் கண்மாய்களைப் பற்றி எழுதத் தொடங்கிய புத்தகம் பாதியில் நிற்கிறது. அதற்காக ஊர் ஊராகப் போகவும் வேண்டும். வேலை இருந்தால் நேரமில்லை, நேரம் இருந்தால் பணமில்லை. மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தினமும் விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள் என்று பலர் சொல்லியிருப்பார்கள். ப்ராஜெக்ட் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் சரிப்படுவதில்லை. எழுத உட்காரும்போதுதான் வாட்ஸ்அப் வரும்: "மேடம், ஹோம் பேஜ்ல அந்த நீலத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்." அரை மணி நேர வேலைதான், ஆனால் அன்றைய எழுத்து போய்விடும். இப்படி முடிந்தும் முடியாமல் இழுக்கிற வேலைகள்தான் உங்கள் புத்தகத்தைத் தின்கின்றன என்று நினைக்கிறேன்.

ஆகவே முதலில் ஒப்பந்தத்தைச் சரிசெய்யுங்கள். மின்னஞ்சலில் நாலு வரி போதும். அட்வான்ஸ் எவ்வளவு (பாதிக்குக் குறையாமல் கேளுங்கள்), திருத்தம் எத்தனை முறை, கடைசி ஃபைலைத் தருவதற்கு முன் எவ்வளவு வர வேண்டும், எந்தத் தேதியோடு வேலை முடிகிறது. இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதிவிட்டால், வாடிக்கையாளரும் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பப் பழகிவிடுவார்.

பணத்தை இழுத்தடிக்கும் நிறுவனங்களுக்குச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு. தொழில்களைப் பதிவதற்கான மத்திய அரசின் உதயம் (Udyam) தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (bank rate) போல மூன்று மடங்கு வட்டி தர வேண்டும், அதுவும் கூட்டு வட்டி. இன்வாய்ஸில் உதயம் எண்ணோடு இந்த விவரத்தையும் ஒரு வரியில் சேருங்கள். பல இடங்களில் அதுவே வேலையை முடித்துவிடும்.

புத்தக வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழில் ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். 300 ரூபாய் புத்தகம் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். ஒரு சின்ன இணையதளத்துக்கே நீங்கள் அதைவிட அதிகம் வாங்குவீர்கள். அதனால் புத்தகத்துக்கான செலவை ப்ராஜெக்ட் பணத்திலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும். பணம் வரும்போதெல்லாம் வரிக்கு ஒரு பங்கு, புத்தகத்துக்கு ஒரு பங்கு என்று வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாத வீட்டுச் செலவு சேர்ந்ததும் ஒரு மாதம் முழுக்க எழுதலாம். ஒரு மாதத்துக்கு ஏன் மூன்று மாதக் காசு? திரும்பி வந்து எடுக்கும் வேலையில் பணம் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகலாம்.

எப்போது பயணம் போவது என்பதைக் கண்மாய்களே சொல்லிவிடும். மே மாதம் வற்றிக் கிடக்கும்போதுதான் மடையின் கல்தூண்களை அருகே போய்ப் பார்க்கலாம், கல்வெட்டு இருந்தால் படமெடுக்கலாம். நல்ல மழை பெய்த வருடம் டிசம்பரில் போனால் கலுங்கில், அதாவது கண்மாய் நிரம்பி வழியும் இடத்தில், தண்ணீர் விழுவதைப் பார்க்கலாம், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியோடு உட்கார்ந்து பேசலாம். இந்த இரண்டு பயணமும் இல்லாமல் அந்தப் புத்தகம் முழுமையாகாது. டிசம்பர் பயணம், மே பயணம், ஜூனில் எழுத்து மாதம், ஆகஸ்டில் பதிப்பகத்துக்குப் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால், அக்டோபருக்கு மேல் கொடுத்தால் அவசர அவசரமாக அச்சுக்குப் போகும், பிழைதிருத்தம் அரைகுறையாகிவிடும்.

பயணத்தில் ப்ராஜெக்ட் வேண்டாம். பகல் முழுக்கக் கரையில் அலைந்துவிட்டு வந்தால், யார் என்ன சொன்னார், எந்தப் படம் எந்த ஊர் மடை என்று அன்றிரவே எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரம் போனால் எல்லா மடையும் ஒன்றுபோலத் தெரியும்.

அப்புறம், பயணத் தேதியை வாடிக்கையாளர்களிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். தளம் திடீரென்று முடங்கினால் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான இன்னொரு ஃப்ரீலான்சரின் எண்ணையும் கொடுங்கள். அவர் வெளியூர் போகும்போது அவருடைய வாடிக்கையாளர்களை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளலாம்.