சாலை அகலமானால் ஊர் எவ்வளவு வளரும்? வல்லுநர் குழு பற்றிச் சில கேள்விகள்

நகரமைப்பு மாணவி: சார், சாலை அகலமானால் ஊர் எவ்வளவு வளரும் என்று கணிக்கக் கணினி மாடல் இருக்கும்போது, வல்லுநர் குழு என்று பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது எதற்கு?

மாடலுக்குத் தெரிவது நாம் ஊட்டிய தரவு மட்டும்தான். அடுத்த ஊருக்குக் கழிவுநீர்க் குழாய் வருமா, அங்கே அடுக்குமாடிக்கு அனுமதி கிடைக்குமா என்பதெல்லாம் அந்தப் பகுதியில் தொழில் செய்பவருக்குத்தான் தெரியும். அப்புறம், நிலப் பயன்பாட்டு மாடலை உருவாக்கி ஓட்டுவது சின்ன ஊர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ராஜபாளையத்துக்காரர்: ஒரே அறையில் உட்காரவைத்தால் சத்தமாகப் பேசுபவர் சொல்வதுதானே எடுபடும்?

எடுபடும். அதனால்தான் டெல்ஃபி முறை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. ஆளுக்கொரு தாள். இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள். எதிரே இரண்டு கட்டங்கள்: சாலை அகலமானால் மக்கள்தொகை எவ்வளவு, ஆகாவிட்டால் எவ்வளவு. காரணத்தையும் எழுத வேண்டும். அடுத்த சுற்றில் எல்லோர் எண்களும் காரணங்களும் பெயரில்லாமல் கைக்கு வரும். படித்துவிட்டு எண்ணை மாற்றலாம், பிடிவாதமாகவும் இருக்கலாம்.

அதே நண்பர்: கடைசியில் சராசரி எடுப்பார்களா?

பெரும்பாலும் இடைநிலைதான், அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. ஐந்து பேர் 900, 1,000, 1,100, 1,200, 5,000 என்று எழுதியதாக வையுங்கள். சராசரி 1,840, அதன் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. இடைநிலை 1,100. அதற்காக அந்த 5,000ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் முதலில் படிப்பது அவர் எழுதிய காரணத்தைத்தான். மற்ற நால்வருக்கும் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: நிஜத்தில் எங்காவது செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் செய்தார்கள். ஐ-93 நெடுஞ்சாலையைச் சேலம் (நம்ம சேலம் இல்லை!) முதல் மான்செஸ்டர் வரை, சுமார் 20 மைலுக்கு, நான்கு தடத்திலிருந்து எட்டாக்கும் திட்டம். பாஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் வடக்கே குடியேறுவார்களே என்ற கேள்வி வந்ததால், வளர்ச்சியைக் கணிக்க டெல்ஃபி குழு அமைத்தார்கள். அங்கேதான் சிக்கல். அந்தக் குழுவின் கூடுதல் மக்கள்தொகைக் கணிப்புகள் போக்குவரத்தை எப்படிப் பாதிக்கும் என்று சரியாகப் பார்க்கவில்லை என்று 2007இல் நீதிமன்றம் சொல்லி, துணை ஆய்வறிக்கை கேட்டது. குழுவை வைத்தால் மட்டும் போதுமா? அது தரும் எண் வாகனக் கணக்கு வரை போக வேண்டும்.

சாத்தூர் வாசகர்: குழுவில் ரியல் எஸ்டேட்காரரைச் சேர்க்கலாமா?

தாராளமாக. மனை எங்கே விற்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கூடவே வங்கிக் கடன் அதிகாரி, குடிநீர்ப் பொறியாளர், சுற்றுச்சூழல் ஆர்வலர் எல்லோரும் இருக்கட்டும். அந்தச் சாலையோரம் சொந்த நிலம் வைத்திருப்பவரை மட்டும் விட்டுவிடுங்கள்.