சுருங்கிய பவளம்

கேள்வி: 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஹேமர் பவளம் நான்கு நாளாகச் சுருங்கியே கிடக்கிறது. அதற்கு முந்தைய நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். உப்பு புது பிராண்ட். மீன்களுக்கு ஒன்றும் இல்லை. மருந்து ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். எங்கள் சந்தேகம் அந்த உப்பின் மேல்தான். சில உப்புகளைக் கரைத்தால் காரத்தன்மை 11, 12 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் டிகிரி) வரும். தொட்டி 7-இல் இருந்திருந்தால் ஒரே நாளில் 2 டிகிரியாவது எகிறியிருக்கும். மீன் தாங்கும், பவளம் தாங்காது.

தொட்டி நீரையும் புதிதாகக் கரைத்த உப்புநீரையும் தனித்தனியே டெஸ்ட் கிட்டில் பாருங்கள். காரத்தன்மை 8 முதல் 9 வரை நல்லது. கூடியிருந்தால் விட்டுவிடுங்கள், பவளமே கூடு கட்ட எடுத்துக்கொண்டு மெல்ல இறக்கிவிடும். குறைந்திருந்தால் சமையல் சோடா (பேக்கிங் பவுடர் அல்ல!) 3.6 கிராமை ஆர்ஓ நீரில் கரைத்து, பம்ப் ஓட்டத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உங்கள் தொட்டிக்கு அது 1 டிகிரி ஏற்றும். ஒரு நாளுக்கு அவ்வளவே. உப்படர்த்தி 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சதை உரிந்து பழுப்புக் கூழாக வழிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். கூழைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்தத் தலையை (பவளத்தின் அந்தக் கிளை நுனியை) அன்றே வெட்டி நீக்குங்கள். பக்கத்துத் தலைக்குப் பரவ ஓரிரு நாள் போதும்.