படகு எஞ்சினுக்குத் தண்ணீர் பிரஷர் மீட்டர்: கேள்வி பதில்

மதுரையில் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்), டீசல் எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். கடற்கரைப் பக்கமிருந்து, தண்ணீர் சரியாகச் சுற்றாமல் சூடேறி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) வெந்துபோன எஞ்சின்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கூலிங் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தொண்டியிலிருந்து: அண்ணே, எஞ்சின் பின்னால்தான் தண்ணீர் பீய்ச்சுகிறதே. அப்புறம் மீட்டர் எதற்கு?

பீய்ச்சினால் பம்பு தண்ணீர் தள்ளுகிறது என்று தெரியும், அவ்வளவுதான். எவ்வளவு தள்ளுகிறது, பிளாக் (எஞ்சின் உடம்பு) முழுக்கச் சுற்றி வருகிறதா என்பதெல்லாம் தெரியாது. ராத்திரித் தொழிலில் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. சில நேரம் அந்தத் துளையில் மணல் அடைத்தே பீய்ச்சுவது நின்றுவிடும். முதலில் எஞ்சினை நிறுத்தி, மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள்.

மண்டபத்திலிருந்து: டெம்பரேச்சர் மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. போதாதா?

சூட்டு முள் கொஞ்சம் தாமதமாகத்தான் பேசும். தண்ணீர் இழுக்கும் வாயில் ஒரு பாலிதீன் பை ஒட்டினால் பிரஷர் முள் அந்த நிமிடமே விழும். உலோகம் சூடேறி சென்சாருக்குத் தெரிவதற்குள் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரம், காய்ந்து கருகியிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அந்த ரப்பர் ரொம்ப நேரம் தாங்காது.

இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள். பிரஷர் இறங்கி சூடு ஏறினால் கோளாறு கீழே: வாய் அடைப்பு, இம்பெல்லர் தேய்வு, எங்கோ காற்று இழுப்பது. பிரஷரும் ஏறி சூடும் ஏறினால் பம்பு நன்றாகவே இருக்கிறது, தண்ணீர் போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) திறக்காமல் இருக்கலாம், உப்பு படிந்திருக்கலாம். முள் மேலே நின்றால் சந்தோஷப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். குழாய் வாயை விரலால் பொத்தினாலும்தான் உள்ளே அழுத்தம் கூடும், குடம் நிறையுமா?

அதே நண்பர்: சரி, எத்தனை பி.எஸ்.ஐ (அழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டும்?

எல்லா எஞ்சினுக்கும் ஒரே எண் கிடையாது. பெரும்பாலான அவுட்போர்டுகளில் ஐட்லிங்கில் 1 முதல் 5, முழு வேகத்தில் 10 முதல் 25 வரை இருக்கும். மேனுவலில் உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், புது இம்பெல்லர் மாட்டியதும் எஞ்சினைச் சூடேற விட்டு, எந்த ஆர்.பி.எம்மில் எவ்வளவு காட்டுகிறது என்று ஸ்டியரிங் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதி வைத்துவிடுங்கள். 4000 ஆர்.பி.எம்மில் 15 காட்டியது 11க்கு வந்தால், சூடு ஏறாவிட்டாலும் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஐட்லிங்கில் முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடப்பதற்கு மட்டும் பதற வேண்டாம்.

ஆண்டிபட்டியிலிருந்து: வைகை அணை மாதிரி நல்ல தண்ணீரில் ஓட்டினால் இந்தத் தொல்லை கிடையாதுதானே?

உப்புத் தொல்லை கிடையாது. வண்டல் தொல்லை உண்டு. அணையின் முழு மட்டம் 71 அடி. அது நன்றாக இறங்கிக் கிடக்கும்போது கரையோரம் ஓட்டினால் சேற்றைத்தான் இழுக்கும். அது இம்பெல்லரையும் அதன் ஹவுசிங்கையும் அரைத்துவிடும், பிரஷர் நாளுக்கு நாள் இறங்கும். ஆகாயத்தாமரை, பாசி சிக்கினால் ஒரேயடியாக இறங்கும். அப்போது எஞ்சினை அணைத்து, தூக்கி, கையால் எடுத்துவிடுங்கள்.

பரமக்குடியிலிருந்து: பழைய கம்ப்ரசர் மீட்டர், 150 பி.எஸ்.ஐ வரை காட்டுவது, சும்மா கிடக்கிறது. போடலாமா?

வேண்டாம். 150 அளவில் 8க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 30 வரை காட்டுவது வாங்குங்கள். கனெக்ஷனை பிளாக்கில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் கொடுங்கள். பீய்ச்சும் ஓஸில் டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டால், அதன் மறுமுனை திறந்திருப்பதால் குறைத்துத்தான் காட்டும்.

மேலூரிலிருந்து: கிணற்று டீசல் எஞ்சினுக்கும் இது வேண்டுமா, அண்ணே?

அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். பம்பு டெலிவரியிலிருந்து சின்னக் குழாயில்தானே தண்ணீர் எடுக்கிறீர்கள்? எஞ்சினுக்குள் சுற்றிவந்து வெளியே விழும் தண்ணீரில் கை வையுங்கள். நல்ல சூடாக, ஆனால் கை பொறுக்கிற மாதிரி இருந்தால் சரி. சில்லென்று விழுந்தால் வால்வைக் கொஞ்சம் குறையுங்கள். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும்.